காது சாரின் வண்டிச் செயின்

இந்தக் கதையில் முட்டாள் யார் என்று கேட்டால் காது சாரே முதல் ஆளாகக் கையைத் தூக்குவார். "இதுல என்ன சந்தேகம்?" என்று கேட்டுவிட்டுத் தூக்குவார். ஆனால் அந்த அடக்கமெல்லாம் பிற்பாடு வந்தது. கதை தொடங்கும்போது ஆள் அப்படி இல்லை. உலகத்துத் தப்புகளையெல்லாம் கண்டுபிடிப்பதற்கென்றே தான் பிறந்திருப்பதாகவும், அந்த வேலை முடிகிறவரைக்கும் தனக்குச் சாவுகூட வராது என்றும் நினைத்துக்கொண்டிருந்தார்.

கதவுக் கீல் செய்கிற தொழிற்சாலையில் அவர் தரப் பரிசோதகர். கீலை ஒரு இரும்புச் சட்டத்தில் மாட்டி, தலையை இடப்பக்கம் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, மெல்லத் திறந்து மூடுவார். மற்றவர் காதில் விழாத ஒரு சின்ன முனகல் அவர் காதில் விழுந்துவிட்டால் போதும், "ரிஜெக்ட்" என்று சிவப்புக் கூடையில் போட்டுவிடுவார். அதனால் தொழிற்சாலையில் அவருக்குக் காது சார் என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவருக்கு அதில் பெருமைதான்.

அப்பேர்ப்பட்ட காது சாரின் மோட்டார் சைக்கிள் செயின் எண்ணெயைப் பார்த்துப் பல காலம் ஆகியிருந்தது. துரு ஏறி, புழுதி அப்பி, கண்ணிகள் விறைத்துப்போயிருந்தன. சக்கரம் சுற்றினால் கிறீச், கிறீச், கிறீஈஈச் என்று அழும். அழுகைக்கு நடுவே, மடங்க மறுக்கிற ஒரு கண்ணி பல்சக்கரத்தில் இடித்து டக் என்னும். எஞ்சின் ஓடும்போது இதெல்லாம் அமுங்கிவிடும். ஆனால் காது சார் சிக்கனக்காரர். தெருமுனையிலிருந்து அவர் வீடு வரைக்கும் நல்ல சரிவு. இறக்கத்தில் எதற்குப் பெட்ரோல் என்று முனையிலேயே எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, உருண்டே வீடு வந்து சேர்வார். அந்த நேரத்தில் தெரு முழுக்கச் செயினின் ராஜ்யம்தான்.

அவருக்கு அது கேட்கவில்லையா என்றால், தொடக்கத்தில் கேட்டது. லீவு நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். லீவு நாட்களில் வீட்டுக் குழாய்களையும் தாழ்ப்பாள்களையும் பரிசோதிக்கவே பொழுது போதவில்லை. அப்புறம் கேட்டுக் கேட்டுப் பழகி, தன் குறட்டை தனக்குக் கேட்காத மாதிரி அதுவும் கேட்காமல் போயிற்று. ஊருக்குத்தானே உபதேசம்.

அவர் மனைவி வீட்டில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடைகள் தைத்துக்கொண்டிருந்தாள். மாலையில் வந்ததும் காது சார் அவளிடம் கேட்கிற முதல் கேள்வி, "மெஷினுக்கு எண்ணெய் போட்டியா?" என்பதுதான். அந்தச் செயினில் அழுதுகொண்டே வந்து இறங்கி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கேட்பார். அவள் ஒருநாளாவது வாசலில் நிற்கும் வண்டியைக் கைகாட்டி, "முதல்ல அதைப் பாருங்க" என்று சொல்லியிருக்கலாம். சொன்னதில்லை. "போட்டாச்சுங்க" என்பாள். அந்தப் பொறுமையை அவர் பயபக்தி என்று எடுத்துக்கொண்டார்.

வீட்டில் இன்னும் இரண்டு பேர். கல்லூரிக்குப் போகிற மகள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மாமனார். காது சார் உள்ளே நுழையும்போது வீடு பார்க்கப் பாந்தமாக இருக்கும். செருப்புகள் ஒரே வரிசையில் நிற்கும். ஆளில்லாத அறையில் மின்விசிறி ஓடாது. மாமனார் செய்தித்தாளைப் பிடித்திருப்பார், மகள் புத்தகத்தைப் பிடித்திருப்பாள். இருந்தும் அவர் எதையாவது கண்டுபிடித்துச் சொல்வார், அது தொழில் தர்மம். ஆனால் தொழிற்சாலையில் வேறு மாதிரிப் பேசுவார். "வீடுன்னா எப்படி இருக்கணும்னு என் வீட்டுல வந்து பாருங்க. நான் ஒரு வார்த்தை அதட்டினது கிடையாது. தானா அமைஞ்சது."

வினை புது மேனேஜர் உருவத்தில் வந்தது. ஒருநாள் காலையில் அந்த மனிதர் வண்டி நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தபோது, காது சார் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கிறீச், கிறீச், கிறீஈஈச், டக். மேனேஜர் திரும்பிப் பார்த்தார்.

"நீங்கதானே நம்ம கீலை எல்லாம் காதுல வெச்சுக் கேட்டு ரிஜெக்ட் பண்றவர்?" என்றார்.

"ஆமா சார்."

"நல்லது," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அந்த 'நல்லது' காது சாரைக் காலை முழுக்கக் குடைந்தது. அன்றைக்குப் பாவம், பல நல்ல கீல்கள் சிவப்புக் கூடைக்குப் போயின.

சாப்பாட்டு இடைவேளையில் மெஷின்களைப் பழுது பார்க்கிற ஃபிட்டரிடம் செயின் ஸ்ப்ரேயும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால் போனார். இறங்கிவிட்டால் காது சார் அரைகுறையாக எதையும் செய்யமாட்டார், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, செயின் கவரைக் கழற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்துக் கண்ணி கண்ணியாகத் தேய்த்தார். கறுப்பாக ஒரு குழம்பு வழிந்தது. துணியால் ஒற்றி உலரவைத்தார். பிறகு பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே, செயினின் உட்பக்கத்தில் ஸ்ப்ரே அடித்தார். வெளியே பளபளவென்று இருந்து பயனில்லை, எண்ணெய் உருளைக்குள்ளே இறங்க வேண்டும். இறங்கட்டும் என்று காத்திருந்து, மிச்சத்தைத் துடைத்தார். இல்லாவிட்டால் ஓடும்போது சட்டையெல்லாம் தெறிக்கும், புழுதியும் ஒட்டும். விறைத்துப்போன அந்த ஒரு கண்ணியை இரண்டு விரலால் பிடித்து மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கினார். அதுவும் வழிக்கு வந்தது. சக்கரத்தைச் சுழற்றிவிட்டுத் தலையை இடப்பக்கம் சாய்த்துக் கண்ணை மூடினார். ஒன்றும் கேட்கவில்லை.

"பாஸ்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டு அதற்குப் பாராட்டும் சொல்லிக்கொண்ட மனிதர் வேறு யாராவது இருந்தால் தெரிவிக்கலாம்.

அன்று மாலை தெருமுனையில் எஞ்சினை அணைத்ததும் வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்கார அம்மாள்கூடத் திரும்பவில்லை. வாசலில் நிறுத்தி, கதவுப் பக்கம் போனவர் அப்படியே நின்றார். உள்ளே சிரிப்புச் சத்தம். அவர் மனைவியின் சிரிப்பு. கல்யாணமான புதிதில் கேட்டது. மூச்சு வாங்கி, விக்கல் மாதிரி முடிகிற அந்தச் சிரிப்பு அவளிடம் தீர்ந்துபோயிற்று என்றுதான் நினைத்திருந்தார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தார். மாமனார் நடுக்கூடத்தில் இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றார். மகள், அப்பாவின் பழைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, தாத்தாவின் ஒரு கையைப் பிடித்து மெல்லத் திறந்து மெல்ல மூடினாள். தலையை இடப்பக்கம் சாய்த்தாள். கண்ணை மூடினாள்.

"இந்த ஜாயின்ட்ல ஒரு முனகல் கேக்குதே," என்றாள் அடித்தொண்டையில்.

"வயசாச்சு சார், அது தோள்மூட்டு," என்றார் மாமனார்.

"காரணம் சொல்லக் கூடாது. ரிஜெக்ட். மெஷினுக்கு எண்ணெய் போட்டியா? செருப்பு ஏன் வடக்கே பாக்குது? ஃப்ரிட்ஜ் கதவை இவ்வளவு நேரம் திறந்து வெச்சு என்ன யோசனை, உள்ள தூங்கப் போறியா?"

மனைவி தைத்துக்கொண்டிருந்த சீருடையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும்டி, வயிறு வலிக்குது," என்றாள்.

காது சாருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மகள் அச்சு அசலாகச் செய்தாள்; அந்தத் தலைச் சாய்ப்பில் ஒரு பிசிறு இல்லை. வெளியே நின்றவருக்கே சிரிப்பு வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தானும் உள்ளே போய் அவர்களோடு உட்கார்ந்து, 'ஃப்ரிட்ஜுக்கு அது மட்டும் போதாதுடி, நான் அதுல மின்சாரத்தைப் பத்தியும் சொல்வேன்' என்று எடுத்துக்கொடுக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது. அந்த ஆசையோடுதான் கதவைத் திறந்தார்.

குழாயை மூடின மாதிரி சிரிப்பு நின்றது. மகள் ஹெல்மெட்டுக்குள்ளேயே உறைந்துபோனாள். மாமனார் நீட்டிய கையை மடக்க மறந்து, "உடற்பயிற்சி, மாப்பிள்ளை," என்றார். மனைவி எழுந்து நின்றாள். மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார்.

"அந்த ரூம்ல யாரும் இல்ல, ஃபேன் எதுக்கு ஓடுது?" என்றார்.

சத்தியமாக அதைச் சொல்ல அவர் நினைக்கவே இல்லை. பல வருஷமாக அந்த வாசலில் நின்று அதையே சொல்லிப் பழகிய வாய், ஆளைக் கேட்காமலே சொல்லிவிட்டது. மகள் ஹெல்மெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போய் மின்விசிறியை அணைத்தாள்.

"வண்டிச் சத்தமே கேக்கலியே," என்றாள் மனைவி.

"செயினுக்கு எண்ணெய் போட்டேன்."

"ஓ," என்றாள் அவள். மாமனாரும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் காது சாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள் கூட்டம் போட்ட கதை ஊருக்கே தெரியும். இந்த வீட்டில் அந்தச் சிரமம் இல்லை. பூனை தானே மணியைக் கட்டிக்கொண்டு தினமும் ஆட்டி ஆட்டி வந்துகொண்டிருந்தது. முனையில் கிறீச் கேட்டதும் செருப்பு வரிசைக்கு வரும், டிவி அணையும், செய்தித்தாள் விரியும். 'தானா அமைஞ்ச' வீடு அந்தச் சரிவு இறங்குகிற நேரத்துக்குள் அவசர அவசரமாக அமைக்கப்பட்ட வீடு.

மறுநாளிலிருந்து நிலைமை இன்னும் மோசம். அவர் எப்போது வந்து நிற்பார் என்று யாருக்கும் தெரியவில்லை, ஆகவே எப்போதுமே வந்து நிற்பார் என்று வைத்துக்கொண்டார்கள். மாமனார் ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு, பஸ் கண்ணாடியைப் பார்க்கிற பழக்கத்தில் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் கல்லூரியிலிருந்து வந்ததும் அறைக்குள் போய்விட்டாள். காது சார் தினமும் சத்தமில்லாமல் உருண்டு வந்து, கதவருகே நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டார். தையல் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நன்றாக எண்ணெய் போட்ட மெஷின், ஒரு குறை சொல்ல முடியாது.

ஒரே ஒரு தடவை கேட்ட சிரிப்புக்காக ஒரு மனிதன் தன் வீட்டு வாசலிலேயே திருடன் மாதிரி நிற்பதை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது. துக்கமாகவும் இருந்தது. அவர் இல்லாதபோதாவது அந்த வீட்டில் சிரிப்பு இருந்தது. நல்ல எண்ணெயாகப் பார்த்துப் போட்டு அதையும் தீர்த்துக்கட்டிவிட்டார். அந்தச் சிரிப்பு திரும்ப வந்தால் போதும், தான் வெளியே நின்றே கேட்டுக்கொள்ளலாம் என்ற அளவுக்கு இறங்கி வந்துவிட்டார்.

ஃபிட்டரிடம் போனார். "ஏம்பா, செயின்ல பழைய சத்தம் திரும்ப வர வழி இருக்கா?"

ஃபிட்டர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "சத்தம் போகணும்னு வர்றவங்களைப் பாத்திருக்கேன். சத்தம் வேணும்னு வர்ற முதல் ஆள் நீங்கதான் சார்."

"சும்மா கேட்டேன்."

"சோப்புத் தண்ணி ஊத்திக் கழுவி, எண்ணெயே காட்டாம விட்டீங்கன்னா வரும். கூடவே செயினும் அறும். நடுரோட்டுல உக்காந்து அதையும் காதுல வெச்சுக் கேளுங்க," என்றார் ஃபிட்டர்.

எத்தனையோ கீலை முனகலுக்காகத் தூக்கி எறிந்தவர், ஒரு முனகலுக்காக நல்ல செயினைக் கெடுக்க மனசு வராமல் திரும்பினார். ஹார்ன் இருக்கிறதே என்று தோன்றியது. அன்று தெருமுனையிலிருந்தே அடித்துக்கொண்டு இறங்கினார். எதிர்வீட்டுக்கார அம்மாள் பார்சல் வந்திருக்கிறது என்று கீழே ஓடி வந்துவிட்டார். காது சார் வீட்டிலோ, புதுச் சட்டம் ஏதோ வந்துவிட்டது என்று பயந்து மூன்று பேரும் வாசலில் வரிசையாக நின்றார்கள். செருப்புகளைவிட நேராக நின்றார்கள்.

"என்னங்க, என்ன வேணும்?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. ஹார்ன் அடிக்குதான்னு பாத்தேன்," என்று அசடு வழிந்துகொண்டே உள்ளே போனார்.

அடுத்த நாள் மாலை தெருமுனையில் எஞ்சினை அணைத்ததும், காது சார் சுற்றுமுற்றும் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். வண்டியைச் சரிவில் விட்டார். பிறகு வாயாலேயே ஆரம்பித்தார்.

"கிறீச். கிறீஈச். கிறீச்."

ஹெல்மெட்டுக்குள் அது அவருக்கே காதைத் துளைத்தது. எதிர்வீட்டுக்கார அம்மாள் கையில் துணியோடு அப்படியே நின்று பார்த்தார். பார்க்கட்டும். கீல் தொழிற்சாலையின் தரப் பரிசோதகர், கல்லூரியில் படிக்கிற பெண்ணுக்குத் தகப்பன், நட்டநடுத் தெருவில் எலி மாதிரிக் கீச்சிட்டுக்கொண்டு உருண்டு போகிறார். மானம் போகிறபோது மொத்தமாகப் போகட்டும் என்று சத்தத்தைக் கூட்டினார்.

வாசலில் வண்டி நின்றது. அவர் கிறீச்சை நிறுத்தவில்லை. உள்ளே செருப்பு இழுபடுவதும், டிவி அணைவதும், செய்தித்தாள் விரிவதும் வரிசையாகக் கேட்டன. அவர் ஹெல்மெட்டோடு கதவைத் திறந்து, நிலைப்படியில் நின்று, இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, ஒரு கையை மெல்லத் திறந்து மெல்ல மூடினார்.

"கிறீஈஈச்," என்றார்.

கூடத்தில் யாரும் அசையவில்லை. பெரிய தப்புப் பண்ணிவிட்டோமோ என்று காது சாருக்குத் தோன்றியது. ஹெல்மெட்டுக்குள் வியர்த்தது. கையை இறக்கவும் தெரியாமல் நின்றார்.

மாமனார்தான் செய்தித்தாளைத் தாழ்த்தினார். "மாப்பிள்ளை, இது நம்ம வண்டிச் சத்தம் இல்லையே," என்றார்.

"ஆமாப்பா. தப்பு," என்றாள் மகள். "நீங்க கண்டபடி கத்துறீங்க. ரெண்டு சின்னது, ஒரு பெருசு, அப்புறம் ஒரு டக். எதிர்வீட்டு வாசல்கிட்ட வரும்போது டக் கேக்கும். அந்த டக்குக்குள்ள செருப்பை எல்லாம் நேரா வெச்சிடணும். ஃபேனை அதுக்கு முன்னாடியே..."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்தச் சத்தத்தைத் தன்னைவிட நன்றாக அவள் கேட்டிருக்கிறாள் என்பது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. ஊரெல்லாம் காது சார் என்கிறது. உண்மையான காது இந்தப் பெண்ணுக்கு. பயந்து பயந்து கூராகிப்போன காது. எந்தக் கண்ணி எந்த வீட்டு வாசலில் இடிக்கும் என்று மனப்பாடமாகத் தெரிகிற அளவுக்குத் தன் மகள் தினம் தினம் தன் வரவைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஹெல்மெட் இருந்தது நல்லதாகப் போயிற்று.

"யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேன்னு சும்மாவா சொன்னாங்க," என்று மாமனார் சமாளிக்கப் பார்த்தார். சொன்ன பிறகு, மருமகனை யானை என்றுவிட்டோமே என்று அவரும் செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

"எங்க, நீ செஞ்சு காட்டு," என்றார் காது சார் மகளிடம்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா குனிந்து தையலைத் தொடர்ந்தாள். மகள் தயங்கித் தயங்கி, "கிறீச், கிறீச், கிறீஈஈச்," என்று இழுத்து, நாக்கை மேலண்ணத்தில் அடித்து, "டக்," என்றாள். எண்ணெய் காணாத அந்தச் செயினே கூடத்துக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

காது சார் திருப்பிச் செய்தார். கிறீச் எல்லாம் சுமாராக வந்தன. டக் வரவில்லை; ஹெல்மெட்டுக்குள் ஏதோ எச்சில் விழுங்கின மாதிரிக் கேட்டது.

அப்போது தையல் மெஷின் நின்றது. மனைவி தலையை மெல்ல இடப்பக்கம் சாய்த்தாள். கண்ணை மூடினாள். அவருக்கே ஒரு பயம் வந்து போயிற்று. பத்தொன்பது வருஷமாகத் தன் எதிரே நின்றவர்களுக்கெல்லாம் வந்த பயம் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தார்.

"ரிஜெக்ட்," என்றாள் அவள். "மறுபடி செய்யச் சொல்லு."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூச்சு வாங்கி, விக்கல் மாதிரி முடிகிற அதே சிரிப்பு. அவர் உள்ளே நின்றுகொண்டிருக்கும்போதே வந்தது, நிற்கவும் இல்லை. மகளும் சேர்ந்துகொண்டாள். செய்தித்தாள் குலுங்கியது.

பக்கத்து அறையில் யாரும் இல்லாமல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. போலிக் கிறீச்சில் குழம்பி அணைக்க மறந்துவிட்டார்கள். அவர் காதில் அது நன்றாகவே விழுந்தது. வாய் பழக்கத்தில் திறந்தும்விட்டது. திறந்த வாயை வீணாக்காமல், காது சார் இரண்டு சின்னக் கிறீச்சிலிருந்து மறுபடியும் தொடங்கினார்.